மரம் வெட்டுதலும் ஆற்று நீரும்: சிறுகச் சிறுகச் சேரும் கேட்டை அளந்தறிதல்

(இரத்மலானையில் நெல், மரக்கறிச் செய்கையாளர் கூட்டத்தில் விவசாயத் திணைக்கள உத்தியோகத்தர் ஒருவர் ஆற்றிய உரை)



ஆற்றின் கீழ்ப்புறத்தில் வயல் செய்பவர்க்கு அதன் மேற்புறத்தில் நடப்பது எளிதில் தெரியவருவதில்லை. தெரியவரும்போது அது வெள்ளமாகவோ, வயலிற் படிந்த மணலாகவோ, கோடையில் வற்றிய வாய்க்காலாகவோ வந்து சேர்ந்திருக்கும். அப்பொழுது, "இக்கேடு யாரால் வந்தது?" என்று வினவினால், "நான் வெட்டியது நாலு ஏக்கர்தான்" என்று ஒவ்வொருவரும் சொல்வர். அவர்கள் சொல்வது பொய்யன்று. ஆயினும் அந்த நாலு ஏக்கர்கள் பல சேர்ந்தே ஓர் ஓடையின் இயல்பை மாற்றிவிடுகின்றன. இவ்வாறு சேர்ந்து திரளும் விளைவை எவ்வாறு கணக்கிடுவது, கணக்கிட்டபின் யாது செய்வது என்பனவே இன்று நாம் ஆராய எடுத்துக்கொண்ட பொருளாகும்.

இரத்மலானை இதனைப் பேசுவதற்குப் பொருத்தமான இடமே. விமான நிலையமும், புகையிரத வேலைத்தளமும், தொழிற்சாலைகளும் உள்ள இவ்வூரின் கிழக்கே வெரஸ் கங்கை ஓடுகின்றது. அது பொல்கொட ஏரியிற் சேர்கிறது. ஏரி நீர் பாணந்துறையிலே கடலையடைகின்றது. ஹொரணை, பண்டாரகமை, பிலியந்தலை ஆகிய பகுதிகளிலுள்ள இறப்பர்த் தோட்டங்கள், தென்னந்தோட்டங்கள், வீட்டுத்தோட்டங்கள் பலவற்றில் விழும் மழையும் இவ்வேரியையே நாடி வருகின்றது. அயலூராகிய மொறட்டுவையோ மரத்தளபாடத் தொழிலுக்குப் பெயர்பெற்றது. ஆகவே, மரத்தை விற்போரும், அறுப்போரும், மரம் வெட்டிய நிலத்து நீரை வயலில் ஏற்போரும் இங்கே ஒரே சுற்றுவட்டத்தில் வாழ்கின்றனர். பெல்லன்வில, அத்திடிய பகுதியில் ஒருகாலத்தில் நெல் விளைந்த வயல்கள் பல கைவிடப்பட்டுச் சதுப்பாயின. 1990 ஆம் ஆண்டில் அப்பகுதி சரணாலயமாகப் பிரகடனஞ் செய்யப்பட்டது. பறவைகளுக்கு அது நன்மையே. எனினும், எஞ்சியுள்ள வயல்களாவது வயல்களாகவே நிலைக்கவேண்டுமென்பது நம் எல்லோருடைய விருப்பமுமாகும்.

காடு நீருக்குச் செய்யும் பணி

மழைத்துளி மரத்தின் இலையிலும், கீழே கிடக்கும் சருகிலும் பட்டு வேகங் குறைந்து மண்ணை அடைகின்றது. வேர்களும் மண்புழுக்களும் துளைத்த வழிகளால் அது நிலத்துள் இறங்குகின்றது. இறங்கிய நீர் நாட்கணக்காகவும் வாரக்கணக்காகவும் ஊறி ஓடைக்கு வருகின்றது. மரத்தை வெட்டி, மண்ணைத் திறந்துவிட்டு, அதன்மேல் உழவு இயந்திரமும் பாரவண்டியும் ஓடினால் நிலம் இறுகிவிடும். அப்பொழுது மழைநீர் மேற்பரப்பால் ஓடும். ஓடும்போது மண்ணையும் உடன்கொண்டு செல்லும்.

ஈண்டு ஒரு தவறான எண்ணத்தையும் நீக்குதல் வேண்டும். காடு எல்லா வெள்ளத்தையும் தடுத்துவிடும் என்பது உண்மையன்று. பல நாட்கள் தொடர்ந்து பெருமழை பெய்து நிலம் முற்றும் நனைந்தபின், காட்டிலிருந்தும் வெள்ளம் வரும். காடு தணிப்பது அடிக்கடி வரும் சிறு வெள்ளத்தையும் நடுத்தர வெள்ளத்தையுமேயாம். மேலும், மரங்களும் நீரைக் குடிப்பனவாதலால், மரம் வெட்டியபின் ஓடையில் வரும் ஆண்டு மொத்த நீர் பெரும்பாலும் கூடவே செய்கிறது. அது எப்பொழுது வருகிறது என்பதிலேதான் கமக்காரனுக்கு நட்டம் உண்டாகின்றது. நிலம் இறுகிய இடத்தில் அந்நீர் வேண்டாத நாளில் விரைந்தோடி, வேண்டிய நாளில் இல்லாதொழிகின்றது. கடலோரத்திலுள்ள எமக்கு இதனால் இன்னுமொரு தீங்கும் உண்டு. கோடையில் மேலிருந்து வரும் நன்னீர் குறைந்தால், உவர்நீர் கழிமுகத்தினூடாக மேலேறி வயலோரம் வரை வந்துவிடும்.

மண் இழப்பின் அளவையும் நோக்குங்கள். மலைநாட்டிலே பாதுகாப்பு வேலை எதுவுமின்றிப் புகையிலை செய்த சரிவுநிலத்தில், ஆண்டொன்றுக்கு ஒரு ஹெக்டேயருக்கு 70 தொன் வரை மண் போனதாக அளந்திருக்கின்றனர். பலவகை மரங்கள் அடர்ந்த கண்டி வீட்டுத்தோட்டத்திலோ ஒரு தொன்னின் சிறு பின்னமே போயிற்று. மழையும் மலையும் ஒன்றே. நிலத்தின் போர்வையே வேறு.

எமது நாடு கண்ட பாடம்

இவ்விடயம் நேற்று இன்று எழுந்ததன்று. மலைநாட்டுக் காடுகள் கோப்பிக்காக அழிக்கப்பட்டு வந்த காலத்தில், 1873 ஆம் ஆண்டில், கியூ தாவரவியற் பூங்காவைச் சேர்ந்த ஹூக்கர் என்னும் அறிஞர் 5,000 அடிக்கு மேலுள்ள காடுகளைக் காத்தல் வேண்டுமென அரசாங்கத்துக்கு எழுதினார். ஆறுகள் பிறக்கும் இடம் அதுவே என்பதே காரணம். ஆயினும் அதற்குக் கீழுள்ள காடுகள் தொடர்ந்து குறைந்தன. 1956 ஆம் ஆண்டளவில் நாட்டின் நிலப்பரப்பில் நூற்றுக்குச் சுமார் 44 வீதம் காடாயிருந்தது. 1992 ஆம் ஆண்டளவில் அடர்ந்த காடு சுமார் 24 வீதமாயிற்று. இக்குறைவு ஒரே நாளில் ஒருவர் கையால் நேர்ந்ததன்று. ஒவ்வொரு துண்டும் தனித்தனியே பார்க்கும்போது சிறிதாகவே தோன்றியது.

எமது தென்மேற்குப் பகுதிக்கு அண்மையான எடுத்துக்காட்டு சிங்கராஜ வனம். அங்கு பிறக்கும் நீரில் ஒரு பகுதி குக்குளே கங்கை வழியாகக் களு கங்கைக்கும், மறுபகுதி ஜின் கங்கைக்கும் செல்கின்றது. 1875 ஆம் ஆண்டிலேயே ஒதுக்கப்பட்ட அவ்வனத்தில், ஒட்டுப்பலகைத் தொழிலுக்கென 1970 களின் தொடக்கத்தில் இயந்திரங்கொண்டு மரம் வெட்டத் தொடங்கினர். தெரிந்தெடுத்த மரங்களே வெட்டப்பட்டன. ஆயினும் அவற்றை வெளிக்கொணர வண்டிப்பாதைகள் வெட்ட வேண்டியதாயிற்று. பொதுமக்களும் அறிஞரும் எதிர்த்தமையால் 1977 ஆம் ஆண்டில் அவ்வேலை நிறுத்தப்பட்டது. 1988 ஆம் ஆண்டில் சிங்கராஜ வனம் உலக மரபுரிமைச் சொத்தாயிற்று. அக்காலத்தில் வெட்டிய பாதையின் தடத்தில் இன்றும் மக்கள் நடந்து செல்கின்றனர். மரம் மீண்டும் வளர்ந்தாலும் பாதையின் தடம் அவ்வளவு எளிதில் மறைவதில்லை என்பதை இது காட்டும்.

மண் எங்கே போய்ச் சேர்கிறது என்பதற்கு மகாவலி கங்கையே சான்று. பொல்கொல்லையில் 1976 ஆம் ஆண்டில் இயங்கத் தொடங்கிய அணையின் நீர்த்தேக்கம், 1988 ஆம் ஆண்டளவில் தன் கொள்ளளவில் நூற்றுக்குச் சுமார் 44 வீதத்தை மண்படிவினால் இழந்துவிட்டது. பன்னிரண்டு ஆண்டுகளில் நேர்ந்த இழப்பு இது. அம்மண் ஒரு தோட்டத்தினுடையதன்று. மேலேயுள்ள ஆயிரக்கணக்கான காணிகளிலிருந்தும், வீதியோரங்களிலிருந்தும், ஆற்றங்கரைகளிலிருந்தும் சேர்ந்து வந்ததாகும். இத்துண்டுப்பிரசுரத்தை வடக்கில் வாசிக்கும் கமக்காரரும் தம் குளங்களை எண்ணிப் பார்க்கலாம். இரணைமடுக் குளத்துக்கு நீர் கொணரும் கனகராயன் ஆற்றோரம் காடு குறையுமாயின், அம்மண் தங்குமிடம் குளத்தின் அடியேயாம்.

தனித்தனியே பார்த்தால் ஏன் தெரிவதில்லை?

1982 ஆம் ஆண்டில் போஷ், ஹியூலெட் என்னும் இருவர், பல நாடுகளிலுள்ள 94 சிறு நீரேந்துப் பரப்புகளில் நடந்த பரிசோதனைகளைத் திரட்டி ஆராய்ந்தனர். நீரேந்துப் பரப்பின் காட்டில் நூற்றுக்கு 20 வீதத்துக்குக் குறைவாக வெட்டினால், ஓடையின் நீரளவில் நேரும் மாற்றத்தை அளவுகருவியாற் கண்டுகொள்ளுதல் அரிதென அவர்கள் கண்டனர். இதிலிருந்து இருவகை முடிவு செய்யலாம். "ஆகவே 20 வீதம் வரை வெட்டினாற் கேடில்லை" என்று சிலர் சொல்லக்கூடும். அது தவறு. கேடு தொடங்கியிருந்தும் கண்ணுக்குப் புலப்படாது என்பதே சரியான பொருள். ஒருவர் ஐந்து வீதமும், அடுத்தவர் ஐந்து வீதமுமாக வெட்டிச் செல்லும்போது யாருடைய வெட்டும் அளவைக்குள் அகப்படாது. அகப்படும் நாளில் பலர் வெட்டி முடித்திருப்பர்.

சட்டமும் ஓரளவிற்கு இவ்வாறே அமைந்திருக்கின்றது. 1980 ஆம் ஆண்டின் 47 ஆம் இலக்கத் தேசிய சுற்றாடற் சட்டத்தின்கீழ் 1993 ஆம் ஆண்டில் வெளியான கட்டளைப்படி, ஒரு ஹெக்டேயருக்கு மேற்பட்ட காட்டை வேறு பயனுக்கு மாற்றுதற்கும், ஐந்து ஹெக்டேயருக்கு மேற்பட்ட பரப்பில் வெட்டுமரம் எடுத்தற்கும் முன்மதிப்பீடும் அனுமதியும் வேண்டும். இது நல்ல ஏற்பாடே. ஆயினும் நாலரை ஹெக்டேயராகப் பத்து இடத்தில் மரம் எடுத்தால், மொத்தம் நாற்பத்தைந்து ஹெக்டேயராகியும் எந்த ஒன்றும் அவ்வளவைத் தாண்டாது. பலா மரம் வெட்டுதற்கு 1951 ஆம் ஆண்டின் சட்டப்படி உத்தரவு பெறவேண்டும். அவ்வுத்தரவும் மரத்தை எண்ணுகின்றதேயன்றி, அம்மரம் எந்த ஓடையின் தலைப்பில் நின்றதென எண்ணுவதில்லை. இக்குறையை நிரப்பவல்லவர் கீழ்ப்புறத்துக் கமக்காரரேயாவர். ஓடை முழுவதின் விளைவையும் ஒருங்கே ஏற்பவர் அவர்தாமன்றோ?

அமெரிக்காவில் கலிபோர்னியா மாநிலத்து ரெட்வுட் சிற்றாற்றின் வரலாறும் இதற்குத் துணைபுரியும். அவ்வாற்றின் கீழ்ப்பகுதியில் நின்ற வானளாவிய மரங்களைக் காக்க 1968 ஆம் ஆண்டில் தேசியப் பூங்கா அமைத்தனர். மேற்பகுதியில் மரம் வெட்டுதலும் பாதை வெட்டுதலும் தொடர்ந்தன. வெள்ளந்தோறும் மணலும் கல்லும் இறங்கி ஆற்றுப்படுகை உயர்ந்தது; கரையிலிருந்த மரங்களுக்கே ஆபத்து வந்தது. 1978 ஆம் ஆண்டில் மேற்பகுதியிலும் பெருநிலத்தைப் பூங்காவோடு சேர்க்கவேண்டியதாயிற்று. பின்னர்ப் பழைய மரவண்டிப் பாதைகளை மூடி நிலத்தைச் சீராக்கும் வேலை பல ஆண்டுகள் நடந்தது. கீழ்ப்புறத்தை மட்டும் காத்துப் பயனில்லை என்பது இதனால் விளங்கும்.

கணக்கிடும் முறை

கமக்காரர் அமைப்பொன்று தானே செய்யக்கூடிய எளிய முறையைக் கூறுவேன்.

1. ஓடையை அலகாகக் கொள்க. உங்கள் வயலுக்கு நீர்தரும் ஓடை எங்கே தொடங்குகின்றதோ அம்மேட்டு வரம்பு வரை நடந்து பார்த்து, எந்தெந்தக் காணியின் மழைநீர் அதில் விழுகின்றதென வரைபடம் வரைக. நில அளவைத் திணைக்களத்தின் வரைபடம் இதற்கு உதவும். கிராம எல்லை, பிரிவெல்லை ஆகியவற்றை இங்கே மறந்துவிடலாம். நீர் அவற்றை அறியாது.

2. கடந்த பத்து ஆண்டுகளில் மரம் வெட்டிய ஒவ்வோர் இடத்தையும் குறிக்க. எத்தனை ஏக்கர், எந்த ஆண்டு, சரிவு எவ்வளவு, ஓடைக்கு எவ்வளவு தூரம், இப்பொழுது அங்கே என்ன உண்டு என்பனவற்றை எழுதுக. மறுநடுகைக்காக வெட்டிய முதிய இறப்பரையும், வீடு கட்டத் துண்டாடிய காணியையும் விடாது சேர்க்க. வரும் ஆண்டில் வெட்ட இருப்பதையும் கேட்டறிந்து எழுதுக.

3. ஒவ்வொன்றுக்கும் நிறை இடுக. இவ்வாண்டு வெட்டியது முழு அளவு. மூடுபயிரும் இளமரமும் பாதி மறைத்தது அரை அளவு. மரக்கவிப்பு பெரும்பாலும் கூடியது கால் அளவு. வீடும் முற்றமுமாய் மாறிய நிலம் என்றும் முழு அளவு. வண்டிப்பாதையும் இறுகிய களமும் மும்மடங்கு. ஏனெனில் மண்ணும் நீரும் மிக விரைந்து வருவது அவற்றிலிருந்தேயாம்.

உதாரணமாக, 400 ஏக்கர் நீரேந்துப் பரப்புடைய ஓர் ஓடையை எண்ணுங்கள். இவ்வாண்டு வெட்டியது 20 ஏக்கர், அதற்கு 20. மூன்றாண்டுக்கு முன் வெட்டி மறுநடுகை செய்தது 30 ஏக்கர், அதற்கு 15. ஆறாண்டுக்கு முன் வெட்டியது 40 ஏக்கர், அதற்கு 10. வீடுகளானது 25 ஏக்கர், அதற்கு 25. பாதைகள் 2 ஏக்கர், அவற்றுக்கு 6. மொத்தம் 76 ஏக்கர், அதாவது நூற்றுக்கு 19 வீதம். அடுத்த ஆண்டு ஒருவர் இன்னும் 20 ஏக்கர் வெட்ட எண்ணுகிறார். அவருடைய பங்கு ஐந்து வீதமே. ஆனால் ஓடையின் பங்கு 24 வீதமாகிவிடும். ஈராண்டு பொறுத்து வெட்டினால், முன்னர் வெட்டியவை அதற்குள் தழைத்து ஓடையின் சுமை குறைந்திருக்கும். மரத்தின் விலை ஈராண்டில் அழிந்துபோவதன்று. இந்நிறைகள் ஒப்புநோக்குதற்கு நாம் இட்டுக்கொண்டவையாம். செங்குத்தான சரிவிலும், ஓடைக்கரையை ஒட்டியும் வெட்டினால் இதனிலும் குறைந்த அளவே பெருங்கேடு செய்யும்.

4. ஓடையையே சாட்சி கேட்க. நேரான சுவருடைய தகரப்பேணி ஒன்றைத் திறந்த வெளியில் வைத்து மழையின் ஆழத்தை அளக்க. பாலத்தூணில் அங்குலக் கோடுகள் தீட்டி, மழைக்குப்பின் நீர் எவ்வளவு ஏறிற்று, எத்தனை மணித்தியாலத்தில் வடிந்தது என எழுதுக. மழை விட்டு ஒரு மணித்தியாலத்தில் கண்ணாடிப் போத்தலொன்றில் நீரெடுத்து, ஒரு நாள் அசையாது வைத்து, அடியிற் படிந்த மண்ணின் கனத்தை அளக்க. இவற்றை ஒரே இடத்தில், ஒரே முறையில், ஆண்டுதோறும் செய்க. மரம் வெட்டப்படாத அயல் ஓடையிலும் இவ்வாறே செய்தால், மாற்றம் மழையினால் நேர்ந்ததா வெட்டினால் நேர்ந்ததா என்பது தெளிவாகும். முன்பு ஓரங்குல மழைக்கு ஆறு அங்குலம் ஏறிய நீர் இப்பொழுது பத்து அங்குலம் ஏறுமாயின், அயல் ஓடை மாறாதிருக்குமாயின், விடை உங்கள் கையிலேயே உண்டு.

செய்யவேண்டியவை

மரம் வெட்டுதலே தீது என்று சொல்ல நான் வரவில்லை. வயல் வைத்திருக்கும் உங்களிற் சிலருக்கே இறப்பரும் உண்டு, பலாவும் உண்டு. முதிர்ந்த மரத்தை வெட்டி விற்பது கமத்தின் ஒரு பகுதியே. ஆனால் முறையறிந்து வெட்டுதல் வேண்டும்.

ஓடையின் இருகரையிலும் மரமும் புதரும் கொண்ட பட்டி ஒன்றை வெட்டாது விடுக. ஓடைப்படுகையை மரம் இழுக்கும் வழியாகக் கொள்ளற்க. பாதையைச் சமவுயரக் கோட்டில் அமைத்து, இடையிடையே குறுக்கு வடிகால் வெட்டி, அந்நீரைப் புல்லும் புதரும் உள்ள நிலத்தில் விடுக. பெருமழைக் காலத்துக்கு முன்னரே வெட்டும் வேலையை முடித்து, உடனே பியூரேரியா போன்ற மூடுபயிரை இடுக. சரிவில் மரக்கறி செய்வோர் பாத்திகளைச் சரிவுக்குக் குறுக்கே அமைத்து, சமவுயரக் கோட்டிற் கிளிரிசிடியா வேலி நடுக. அதன் தழை வயலுக்குப் பசளையுமாகும்.

எல்லாவற்றுக்கும் மேலாக, ஒரே ஓடையில் உள்ளோர் ஒரே ஆண்டில் வெட்டாதபடி முறைவைத்துக்கொள்க. வாய்க்கால் நீருக்கு முறைவைத்தல் எம் முன்னோர் அறிந்த வழக்கே. அதே முறையை மரம் வெட்டுதற்கும் வைத்தால் போதும். போக ஆரம்பக் கூட்டத்திலே நீர் திறக்கும் நாளைக் குறிக்கும்போது, ஓடைக் கணக்கையும் ஒருமுறை வாசித்துவிடுங்கள். பெரும் வெட்டொன்று நேரவிருப்பின், வரைபடத்தையும் அளவுக் குறிப்பையும் இணைத்துப் பிரதேச செயலாளருக்கும், கமநல சேவை நிலையத்துக்கும், மத்திய சுற்றாடல் அதிகார சபைக்கும் அமைப்பின் பெயரால் எழுதுக. 1951 ஆம் ஆண்டின் 25 ஆம் இலக்க மண்பாதுகாப்புச் சட்டமும் உங்களுக்குத் துணையாகும். வெறும் முறைப்பாட்டைப் பார்க்கிலும், மூன்றாண்டு அளந்தெழுதிய ஒரு கொப்பிக்கு மதிப்பு மிகுதி.

ஒருவர் வெட்டிய நாலு ஏக்கரை ஓடை மன்னித்துவிடும். எல்லோரும் வெட்டிய நாலு ஏக்கர்களை அது கீழ்ப்புறத்து வயலில் கொண்டுவந்து சேர்க்கும். ஆதலால் இப்பெரும்போகத்துக்கு முன்னரே ஒரு நாளைக் குறித்து, நாலைந்து பேராக உங்கள் ஓடையின் தலைப்பு வரை நடந்து பாருங்கள், கண்டதை எழுதுங்கள். வரைபடம் வரைவதிலோ, நிறை இடுவதிலோ ஐயமிருப்பின், உங்கள் பகுதி விவசாயப் போதனாசிரியரைக் கண்டு கேட்டறியுங்கள்.